தெல்தோட்டையில் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிள்ளை

கண்டி பஸ் நிலையத்தில் இறங்கியதும் எனக்கு வந்தது பசிதான். ஊரைப் பார்த்ததும் உருகிப் போய்விடுவேன் என்று கோத்தகிரியில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். “அழுது முடிச்சதும் போன் பண்ணுங்க அத்தை” என்று மருமகள் கிண்டலாகச் சொல்லி அனுப்பினாள். நானோ பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே ஒரு பேக்கரிக்குள் நுழைந்து மீன் வைத்த பனிஸ் ஒன்றை வாங்கிக் கடித்தேன். மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் சேர்ந்த அந்தக் காரம் தொண்டையில் இறங்கியதும் கண் நிறைந்துவிட்டது. மிளகு கொஞ்சம் தூக்கல் என்று கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன். அவர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் இந்த நாட்டை விட்டுப் போனவள் நான். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆனா, ஆவன்னா படித்தேன். பிறகு இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவெடுத்து எங்களைக் கப்பல் ஏற்றின. தேயிலையை விட்டுப் போகிறோம் என்று அழுதுகொண்டே போய், நீலகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்திலேயே இறங்கினோம். அங்கேயே படித்து, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, ஓய்வும் பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல்நலமும் போதைப்பொருள் எச்சரிக்கையும் சொல்லித்தரும் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் நான்காம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. கண்டியில் இதே வேலையைச் செய்யும் ஃபரீனா என்ற பெண் ஒரு விளையாட்டை வைத்தே பாடம் நடத்துகிறாளாம், பார்த்துக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று குழுவில் என்னை அனுப்பினார்கள். ஊரைப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்ததென்று நானும் கிளம்பிவிட்டேன்.

ஃபரீனாவின் வீடு அலவத்துகொடையில். போய்ச் சேர்ந்த மாலையில் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். “தாத்தா, சாப்பாடு ரெடி, வாங்கோ” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நான் மரியாதையாக எழுந்து, எங்கே பெரியவர் என்று வாசலைப் பார்த்தேன். ஃபரீனா சிரித்துவிட்டாள். “என்னயத்தான் டீச்சர். தங்கச்சி கூப்பிடுறா” என்றாள். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காதான் தாத்தா. சிறுவயதில் நன்றாகத் தெரிந்திருந்த விஷயம், எப்படி மறந்ததென்று தெரியவில்லை. அதற்காக இடியப்பத்தோடு வட்டிலப்பம் என்ற இனிப்பையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பரிகாரம் செய்தேன்.

சாப்பாட்டு மேசையிலேயே அவள் தன் விளையாட்டை நடித்துக் காட்டினாள். ஒருத்தி பிள்ளையிடம் ஏதோ ஒன்றை நீட்டி, “இது ஒண்ணும் செய்யாது, சத்து, மிட்டாய் மாதிரி” என்று ஆசை காட்ட வேண்டும். பிள்ளை கையை உயர்த்தி ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். பின்னால் நகர வேண்டும். பிறகு நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கைதட்டி, தாளம் போட்டு, பிள்ளைகள் தூக்கத்திலும் மறக்காதபடி சொல்லிக்கொடுக்கிறாள். “பள்ளிக்கூடத்துக் கிட்டக் கடையில கலர் கலரா பாக்குப் பொட்டலம் விக்கிறாங்கோ. புள்ளைகள் டொபி மிட்டாய்ன்னு நெனச்சுத் திங்குது. நீளமாப் பேசினா அதுகளுக்கு விளங்காது. இது விளங்குது” என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. முப்பது வருடம் கரும்பலகையோடு மல்லுக்கட்டினேன், இப்படி ஒரு சுருக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தெல்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஜன்னலோர இருக்கையை ஃபரீனா சண்டை போட்டுப் பிடித்துத் தந்தாள். கலஹா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஏற்றத்தில் பஸ் இருமி, நடுங்கி, நின்றேவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஓட்டுநரும் சாவதானமாகப் பதில் சொன்னார். என்னவாம் என்று ஃபரீனாவைக் கேட்டேன். “சரியாயிடுமான்னு கேக்குறார். சரியாயிடும், எப்பன்னு மட்டும் கேக்காதன்னு இவர் சொல்றார்” என்றாள்.

முன்னிருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் மடியில் ஒரு பலாக்காயை வைத்துக்கொண்டு, அதைச் சமைப்பதா பழுக்க விடுவதா என்று மும்முரமாக வாதாடினார்கள். நீலகிரி பஸ் இப்படி நின்றிருந்தால் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஓட்டுநருக்கு எஞ்சின் பாடம் எடுத்திருப்பார்கள். இங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு ஆட்டோவை மறித்து ஏறிக்கொண்டோம். இரண்டு பக்கமும் நனைந்து, மடியில் ஃபரீனாவின் படப் பலகைகளைக் கட்டிப்பிடித்தபடி போய்ச் சேர்ந்தேன்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். நான் படித்தது இதே மேட்டில்தான். அப்போது ஒரே நீள அறை, ஐந்து வகுப்பும் அதற்குள். எங்கள் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது பக்கத்து வகுப்பு பாட்டுப் பாடும். மழை நாளில் தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு வருவோம். அத்தனை சாக்கும் ஒரு மூலையில் குவிந்து, ஈர நெடி அறையெங்கும் நிற்கும். அந்த நெடியை நான் எவ்வளவு நேசித்தேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது நல்ல கட்டடம், தனித்தனி வகுப்பு, சுவரில் வண்ணப் படங்கள். பிள்ளைகள் குடை பிடித்து வருகிறார்கள். நல்லதுதானே, இதில் எனக்கு என்ன வருத்தம்? வருத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு ஃபரீனா வருவது இது இரண்டாம் தடவை. சென்ற மாதம் சொல்லிக்கொடுத்த விளையாட்டை மறுபடி ஆடச் சொன்னாள். வீட்டில் ‘வாணாம்’, ‘ஈக்கிது’ என்று பேசுகிறவள், வகுப்பில் நுழைந்ததும் “வாங்க, நில்லுங்க, யாரு முதல்ல?” என்று தோட்டத்துப் பேச்சுக்கு மாறிவிட்டாள். பிள்ளைகள் கையை உயர்த்திய வேகத்தில் நானே பயந்து பின்னால் நகர்ந்தேன். எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள்.

முடிந்ததும், யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா என்று வழக்கம்போல் ஃபரீனா கேட்டாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி எழுந்து வந்தாள். பெயர் நிரோஷா. முகத்தில் அவ்வளவு பொறுப்பு.

“டீச்சர், எனக்கு ஒருத்தவங்க தெனம் குளிசை குடுக்குறாங்க.”

குளிசை என்றால் இங்கே மாத்திரை. ஃபரீனா குனிந்து, “யாரு குடுக்குறாங்க?” என்று கேட்டாள்.

“எங்கம்மா. நான் வேண்டாம்னு சொல்வேன். சத்துக் குளிசை, ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லி வாயில போட்டுருவாங்க. நீங்க சொல்லிக்குடுத்தப்பறம் நான் முழுங்குறதே இல்ல. கக்கூசுல போய்த் துப்பிருவேன்.”

பாராட்டுக்காக அவள் காத்து நின்றாள். ஃபரீனாவின் முகம் வெளுத்துவிட்டது. வகுப்பு ஆசிரியை எங்களை வெளியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். இந்தப் பிள்ளைக்கு வலிப்பு. இரண்டு வருடமாக ஒன்றும் வராமல் இருந்தது. போன வாரம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விழுந்துவிட்டாள். மருந்து ஒழுங்காகக் குடித்தும் ஏன் வந்ததென்று தாய்க்குப் புரியவில்லையாம்.

“யா அல்லாஹ், மருந்த நான்தான் நிப்பாட்டி ஈக்கிறேன்” என்றாள் ஃபரீனா.

மகேஸ்வரி, அதுதான் அந்தத் தாய், கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பும் வரை லயத்து வாசலில் காத்திருந்தோம். வரிசையாக எட்டு வீடு, ஒன்றின் சுவர்தான் அடுத்ததற்கும் சுவர். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மகேஸ்வரி வந்ததும் வராததுமாக எங்களை உட்காரவைத்து, பால் இல்லாத பிளேன்டீ ஊற்றி, கையில் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் தந்தாள். கருப்பட்டியை நக்கிக்கொண்டு டீ குடிக்கும் பழக்கம் எனக்கு மறந்து எத்தனை காலம். அந்த நேரத்தில் அதை ரசிக்கவும் முடியவில்லை.

நடந்ததை ஃபரீனா ஒன்று விடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். மகேஸ்வரி கோபப்படவில்லை. பெரிய பாரம் இறங்கியதுபோல், “அப்ப மருந்து கேக்காமப் போகல, இவ குடிக்காமத்தான் வந்திருக்கு” என்றாள். பிறகு, “நீங்களே சொல்லிருங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பா” என்றாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஃபரீனா பிள்ளையைக் கூப்பிட்டு, “மகள், அம்மா குடுக்குற குளிசைய நீங்க குடிக்கலாம். அது நல்லது” என்றாள். நிரோஷா அவளைக் கூர்ந்து பார்த்தாள். கையை உயர்த்தினாள். “வேண்டாம்” என்றாள். பின்னால் நகர்ந்தாள். நேராக என்னிடம் வந்து, “பெரிய டீச்சர், இந்த டீச்சரும் எனக்குக் குளிசை குடுக்கப் பாக்குறாங்க” என்று புகார் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபரீனாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நல்லது என்று யார் சொன்னாலும் நம்பாதே, தெரிந்தவர் தந்தாலும் வாங்காதே என்று தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே. பாடத்தை இவ்வளவு சரியாகப் படித்த பிள்ளையை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை.

“வலிப்புக்கான மருந்துன்னு நீங்க அவகிட்டச் சொல்லலையா?” என்று மகேஸ்வரியைக் கேட்டேன். அவள் பதறிப்போய், பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அந்தப் பேரையே எடுக்காதீங்க. அவளுக்கும் தெரியாது, லயத்துல யாருக்கும் தெரியாது. ஸ்கூல்ல மட்டும் வேற வழியில்லாம டீச்சர்கிட்டச் சொன்னேன். விழுந்து எந்திரிச்சா வெயில்ல மயக்கம்னு சொல்லிருவேன். பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேணாமா? வலிப்புக்காரின்னு பேரு வந்துட்டா யாரு வருவா?” இடுப்பில் ஒரு சாவிக்கொத்து செருகியிருந்தாள். அந்த வீட்டில் பூட்டுவதற்கு ஒரு அலுமாரியும் ஒரு கதவும்தான். மீதிச் சாவியெல்லாம் எதற்கென்று எனக்குப் புரிந்தது. விழுந்தால் கையில் இரும்பைக் கொடுப்பதற்கு. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் செய்வார்கள்.

இத்தனை நாள் விட்ட மருந்தைத் தன்னிஷ்டத்துக்கு மறுபடி ஆரம்பிக்கக் கூடாது, முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள் ஃபரீனா. அன்றைக்கு ஊர் திரும்ப பஸ் இல்லை. டவுனில் ஃபரீனாவின் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். அவள் சோற்றைத் தொடவில்லை. நான் அவளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றோம். டாக்டர் இளம்பெண், சிங்களத்தவர், மிகவும் பொறுமையாகப் பேசினார். மகேஸ்வரி தடையில்லாத சிங்களத்தில் பதில் சொன்னாள். ஃபரீனா என் காதில் மொழிபெயர்த்தாள். இன்றைக்கே பழைய அளவில் ஆரம்பிக்கச் சொல்கிறார், விட்டதற்கு ஈடாக இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம் என்கிறார், அடுத்த கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டி வரச் சொல்கிறார். நிரோஷா டாக்டரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குச் சிங்களம் வராது. சின்னதிலிருந்து அவளைப் பற்றி அவள் தலைக்கு மேல் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால், அந்த நிமிடம் எல்லோர்மேலும்தான்.

டாக்டரே ஒரு குளிசையை எடுத்து, தம்ளரில் தண்ணீரும் நீட்டினார். நிரோஷா கையை உயர்த்தினாள். டாக்டர் என்ன இது என்பதுபோல் எங்களைப் பார்த்தார். மகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் தாடையைப் பிடித்தாள். ஃபரீனா அந்தக் கையை விலக்கிவிட்டாள்.

குளிசைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினோம். வாசலில் வந்து நின்றதும் ஃபரீனா சொன்னாள். “மகேஸ்வரி, கோவிக்க வாணாம். என்னன்னு சொல்லாம ஒருத்தர் குடுத்தா வாங்காதன்னு நான் சொல்லிக்குடுத்தேன். அத நான் இப்ப மாத்திச் சொன்னா, நாளைக்கு கடையில குடுக்குறதயும் வாங்கித் திங்கும். புள்ள செஞ்சது சரி. சொல்லாம இருந்தது நாங்கதான்.”

மகேஸ்வரி குளிசைப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தாள். பிறகு படியில் உட்கார்ந்து பிள்ளையை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“இது சத்துக் குளிசை இல்ல. உனக்கு வலிப்பு இருக்கு. திடீர்னு கீழ விழுந்து கை கால் இழுத்துக்கும். உனக்கு ஒண்ணும் தெரியாது. இதத் தெனமும் குடிச்சா வராம இருக்கும். நீ சின்னப் புள்ளயா இருக்கயிலருந்தே இருக்கு.”

நிரோஷா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “பீலியடியில விழுந்தது அதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தாய். “மறுபடி விழுந்தா என்ன செய்யணும்?” இதற்கு ஃபரீனா பதில் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இழுப்பு நிற்கும்வரை கூடவே இருக்க வேண்டும், நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். “சாவி?” என்று மகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று ஃபரீனா தலையசைத்தாள்.

பிள்ளை தாயின் கையிலிருந்து குளிசையைத் தானே எடுத்து, தண்ணீர் குடித்து விழுங்கினாள். எனக்கு உயிர் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் டீயைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அவளுக்கோ இன்னும் முடிந்தபாடில்லை.

“நீ மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கயில நான் விழுந்தா?” என்று தாயைக் கேட்டாள். நிரோஷா சற்று யோசித்தாள். பெரியவங்ககிட்டச் சொல்லணும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, விறுவிறுவென்று பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தாள். தாய் எழுந்து பிடிப்பதற்குள் சொல்லியும் விட்டாள்.

“அத்தே, எனக்கு வலிப்பு இருக்கு. நான் விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது.”

பக்கத்து வீட்டுப் பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியும் தங்கம். அன்னைக்கு பீலியடியில உன்னத் தூக்கியாந்து போட்டது யாருங்குற? நான்தான். அதுக்கு முன்ன விழுந்தப்ப அந்தக் கடேசி வீட்டு மாமா தூக்குனாரு.”

மகேஸ்வரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “அக்கா, உங்களுக்குத் தெரியுமா? இத்தன வருசமா ஒரு வார்த்த கேக்கலையே?”

“ஒரு செவுருதானே நடுவுல. தெரியாம இருக்குமா? நீ சொல்லல. நீயா சொல்லாம நாங்க எப்பிடிக் கேக்குறது?” என்ற பெண், கீரையைக் கீழே வைத்தாள். “ஒருக்களிச்சா? நாங்க மல்லாக்கல்ல படுக்க வச்சோம். நல்லவேள சொன்ன புள்ள.”

மகேஸ்வரி அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், இந்தத் தடவை மிளகு இல்லை. என் அம்மாவும் இப்படி ஒரு லயத்தில்தான் எங்களை வளர்த்தாள், இப்படிப்பட்ட சுவர்களுக்கு நடுவில்தான். அந்த ஊரும் அந்தச் சனமும் எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது.

நிரோஷா எங்களில் ஒருவரையும் கவனிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. அடுத்த வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

“இருடி, நானும் வர்றேன்” என்றாள் மகேஸ்வரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்த வாசலில் பிள்ளை வாய் திறக்கும் முன்பே, தாய் பேசினாள்.